புவித்தொடுப்பு

மின்சார சபைக்குக் கொடுக்கிற தாளில்
கடைசிக் கட்டத்தில் ஒரு கையொப்பம் வேணும்,
அனுமதி பெற்ற மின்னியலாளருடையது.
பத்துப் பன்னிரண்டு வருசமாக ஒட்டுசுட்டானில்
நான் வயர் இழுத்த வீடுகளுக்கெல்லாம்
வவுனியாவிலிருந்து செபமாலையர் வைத்தார் அதை.
தாளுக்கு மூவாயிரம்.
காலை பஸ்ஸில் தாள் போகும், பின்னேரம் வரும்.
கொண்டக்டருக்கு நூறு.
ஒரு வீட்டையும் அவர் கண்டதில்லை.
சட்டப்படி பார்த்தால்
அங்கெல்லாம் வேலை செய்தவர் அவர்.
நான் அந்தப் படலைகளைத் தாண்டவேயில்லை.

போன மாசியில் கிளிநொச்சிக்குப் போனேன்.
படித்து எடுக்கிற சான்றிதழ் இல்லை,
முன்னமே தெரிந்ததை அளந்து தருவது.
விண்ணப்பத்தில் கேட்டிருந்தது:
தொழில் பழகிய இடம், வருடம், தொழில்தருநர் பெயர்.
இரண்டாயிரத்துப் பத்திலிருந்து எழுதினேன், சுயதொழில் என்று.
அதற்கு முன்னான பதினொரு வருசத்தில்
பேனை நின்றுவிட்டது.
மண்ணுக்குக் கீழே ஓர் அறை,
சத்திரசிகிச்சை மேசைக்கு மேலே
ட்ரக்டர் பற்றரியில் எரிந்த பல்பு.
அதை எந்தக் கம்பனியின் பெயரில் எழுதுவது?
ஒழுங்குவிதிக்கு அமைந்த இணைப்பா என்று
மேசையில் கிடந்தவர்கள் கேட்கவில்லை.
சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டேன்.

மதிப்பீட்டாளர் பிரேமசிறி, குருநாகல்காரர்.
கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மொழிபெயர்க்க வந்த பிள்ளை வாய் திறக்க முதல்
பலகையைக் காட்டினார்.
மாடிப்படி விளக்கு, இரண்டு சுவிச், நாற்பது நிமிடம்.
இருபத்தாறில் முடித்தேன்.
மாடிவீடு ஒன்றில் அதுவரை நான் வேலை செய்ததில்லை.
பிறகு அரைத் தமிழில் ஒரு கேள்வி:
"ஏர்த் எத்தனை ஓம்?"
மீற்றர் முன்னால் இருந்தது.
எந்த வயரை எங்கே கொழுவுவது என்று தெரியவில்லை.

அந்த ஓர் அலகுக்கு நேரே எழுதினார்கள்:
இன்னும் தகுதி பெறவில்லை.
'இன்னும்' என்கிற சொல்லைப் பஸ்ஸில்
மாங்குளம் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வைகாசியில் திரும்பப் போய்ப் பாஸ்.
பிறகு லைசன்ஸ், அதில் ஓர் இலக்கம்,
கீழே பெயர்: நிமலரூபன்.
இன்னொரு பெயரும் எனக்கு இருந்தது.
அதற்குக் கையொப்பம் கிடையாது.

சொந்தப் பெயரில் முதல் தாள் கமலவேணியுடையது, முத்தையன்கட்டு.
வீட்டைப் பெருப்பித்திருந்தாள்.
பழைய வயரிங் என் கைதான், ஏழு வருசம்.
மீற்றரைக் கொழுவினேன்.
தொள்ளாயிரத்துச் சொச்சம்.

கிண்டிப் பார்க்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும்.
அந்த ஆண்டு கையில் காசில்லை, அவளிடமும் இல்லை.
ஒரு கம்பியை வாங்கி
மூன்றாக அறுத்து
மூன்று வீட்டுக்கு அடித்தேன்.
கீழே கையொப்பம் செபமாலையருடையது.
குற்றமும் அவருடையது, சட்டப்படி.

"ஏழு வருசம் ஒண்டும் நடக்கேல்லைத்தானே அண்ணை,
வையுங்கோ" என்றாள்.
லைசன்ஸ் வந்தவுடன் ஆள் மாறிவிட்டதாகவும் சொன்னாள்.
நான் முழுக்கம்பியைச் சைக்கிளிலிருந்து அவிழ்த்தேன்.

நாலடியில் எதிலோ முட்டியது.
சுத்தியலை அப்படியே நிறுத்தினேன்.
கமலவேணி ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போய்விட்டாள்.
கையால் மண்ணை விறாண்டி விறாண்டி
அரைமணித்தியாலம்.
கல்.

இரண்டு முழம் தள்ளி அடித்து,
ஒரு வாளி தண்ணி ஊற்றி அளந்தேன்.
எட்டு.
எட்டு என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.
எழுத்து நடுங்கியிருந்தது, கல்லின் மிச்சம்.

இரண்டாவது துண்டு கற்சிலைமடுவில்.
நாளைக்குப் போவேன்.
மூன்றாவது எந்த வீடு என்று
நினைவு வரவில்லை.
மீற்றரைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்,
வெளிச்சம் எரிகிற படலைகளில்
தண்ணி கேட்கிறவன் மாதிரி நின்று.